வீரசோழனைக் கருவிக்குள் ஏற்றுவது எப்படி?

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி என்று போகப் போக, நிலத்தின் கணக்கைச் சாலைகள் சொல்வதில்லை; கண்மாய்கள்தான் சொல்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாயின் வரத்துக்காலுக்குப் போகும். நடுவே ஊருக்கு ஓர் ஊருணி. கண்மாய்க் கரையே பல ஊர்களுக்குக் குறுக்குப்பாதை. வீரசோழன் என்ற ஊரின் ஆட்டுச் சந்தைக்கு உருப்படி ஓட்டி வருகிறவர்களும், அறுவடை முடிந்த கொல்லைகளில் கிடை போடுகிறவர்களும் மனத்துக்குள் வைத்திருக்கும் வரைபடம் இதுதான். எந்தக் கம்மாயில் தண்ணீர் கிடக்கும், எந்தக் கரையில் மந்தை போகலாம், எந்த ஓடை மழைக்காலத்தில் மறிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதே இடத்தில் நின்று, கடையில் வாங்கிய கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் போட்டுப் பாருங்கள். திரையின் நடுவில் ஓர் அம்புக்குறி தெரியும். அதைச் சுற்றி வெற்றுப் பரப்பு. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஏதாவது ஒரு நெடுஞ்சாலை ஒற்றைக் கோடாகத் தெரியலாம். கண்மாய் இல்லை, ஊருணி இல்லை, வீரசோழனே இல்லை. கருவியில் பழுது ஒன்றும் இல்லை. அது உலகம் முழுவதற்குமாகச் சேர்த்துக் கொடுத்த மேலோட்டமான அடிப்படை வரைபடத்தோடு வந்திருக்கிறது, அவ்வளவுதான். விவரமான வரைபடத்தை நாம்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதைக் காசு செலவில்லாமல் செய்ய முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

கருவிக்குத் தெரிந்தது இரண்டு எண்கள்

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 30 ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. “நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு” என்று அவை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். கருவி அதைக் கேட்டு, சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைத் தூரமாக மாற்றுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் நாம் நிற்கும் இடமும் உயரமும் கணக்கில் வந்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தப்பும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய பிறகுதான் இந்தக் கருவிகள் சாதாரண ஆட்களுக்குப் பயன்பட ஆரம்பித்தன. இன்று மறைப்பில்லாத வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் எளிதில் கிடைக்கும். கரிசல் காட்டில் மறைக்க மலையும் இல்லை, மாடியும் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவி கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. அதனால் செல்போன் டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். அது கண்டுபிடித்துத் தருவதும் வடக்கே 9 டிகிரி சொச்சம், கிழக்கே 78 டிகிரி சொச்சம் என்று இரண்டு எண்களைத்தான். பட்டாவில் சர்வே எண்ணைப் பார்த்தவருக்கு நிலம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று தெரியாத நிலைமைதான் இந்தக் கருவிக்கும். எண்ணை இடமாக்கிக் காட்டுவது வரைபடம்.

வரைபடம் யார் கையில்?

இந்திய நிலஅளவைத் துறை 1767இல் தொடங்கியது. நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் அளவைக்கு வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பிள்ளையார்சுழி போட்டது சென்னை பரங்கிமலை அருகில். இவ்வளவு பழைய பெருமை இருந்தும், விவரமான வரைபடம் சாதாரண ஆள் கைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பூட்டி வைத்திருந்தார்கள். 2005இல் வந்த தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என இரண்டு வரிசைகளைப் பிரித்தது. 2017இல் பொது வரிசைத் தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி பிறந்தது. 2021 பிப்ரவரி 15 அன்று வெளியான நெறிமுறைகள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயத்தைப் பெருமளவு நீக்கின.

அரசுத் தாள்கள் நல்ல தாள்கள். 1:50,000 அளவில், அதாவது தாளில் 1 மில்லிமீட்டர் நிலத்தில் 50 மீட்டர் என்ற கணக்கில், கண்மாய், கோயில், கிணறு எல்லாம் இருக்கும். ஆனால் அவை பார்ப்பதற்கான படங்கள். எது சாலை, எது கரை என்று கருவிக்குப் புரியும்படி அவற்றில் எதுவும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய கூட்டுமுயற்சி இது. இன்று பதிவு செய்திருப்போர் ஒரு கோடிக்கு மேல். யார் வேண்டுமானாலும் தம் ஊரை அதில் வரையலாம். யார் வேண்டுமானாலும் மொத்தத் தரவையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, வரைபடக்காரர் அருண் கணேஷ் முன்கை எடுத்து, தண்ணீர் தேங்கிய தெருக்களைப் பொதுமக்களே குறிக்கும் வரைபடம் ஒன்றை அமைத்தார். அதற்கு அடித்தளமாக இருந்தது இந்தத் திறந்த தரவுதான்.

கருவிக்குப் புரியும் மொழி

கையடக்கக் கருவிகளில் பரவலாக இருப்பது, கேரி பரெல், மின் காவ் இருவரும் 1989இல் தொடங்கிய கார்மின் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் வரைபடக் கோப்புக்கு ‘ஐஎம்ஜி’ என்று பெயர். பார்க்கப் படக்கோப்பு போலத் தோன்றும் பெயர். உள்ளே படம் ஏதும் கிடையாது. புள்ளிகள், கோடுகள், பரப்புகள், அவற்றின் பெயர்கள் என்று பட்டியல்தான் இருக்கும். நிறுவனம் இந்த வடிவத்தின் உள்ளமைப்பை வெளியிடவில்லை. ஆர்வலர்கள் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அறிவை வைத்து எழுதப்பட்ட ‘எம்கேஜிமேப்’ என்ற இலவச நிரல், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஐஎம்ஜி கோப்பாக மாற்றித் தருகிறது. இணையத்தில் கிடைக்கும் இலவச கார்மின் வரைபடங்களில் பெரும்பாலானவை இந்த நிரல் வழியே பிறந்தவை.

இந்த மாற்றத்தில் நடப்பதை ஒரு கண்மாயை வைத்தே பார்க்கலாம். தரவில் அது கரையோரப் புள்ளிகளை வரிசையாக இணைத்த ஒரு மூடிய வளையம். ‘நீர்நிலை’ என்று ஒரு குறிப்பு அதில் ஒட்டியிருக்கும். நிரல் முதலில் நிலப்பரப்பைச் செவ்வகத் துண்டுகளாக வெட்டுகிறது. சின்னக் கருவியின் நினைவகம் ஒரே மூச்சில் தமிழ்நாட்டையே தாங்காது. பிறகு எந்த உருப்பெருக்கத்தில் எது தெரிய வேண்டும் என்று அடுக்கு அடுக்காகப் பிரிக்கிறது. 3 கிலோமீட்டர் அளவுகோலில் பெரிய சாலைகள் மட்டும் தெரியும். 300 மீட்டருக்கு இறக்கினால் வண்டிப்பாதையும் ஊருணியும் எட்டிப் பார்க்கும். சாலைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. எது எதோடு சேர்கிறது, எது ஒருவழி, எது மண்பாதை என்ற இணைப்புப் பட்டியலையும் எழுதிவிடுகிறது. ‘வலப்பக்கம் திரும்பு’ என்று கருவி சொல்வது அந்தப் பட்டியலைப் படித்துத்தான்.

கோப்பில் ஒரு புள்ளியின் இடத்தை 24 பிட் எண்ணாக எழுதுகிறார்கள். அதாவது பூமியின் முழுச் சுற்றும் 1,67,77,216 பங்குகளாகப் பிரிகிறது. கணக்குப் போட்டால் ஒரு பங்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். அதைவிடச் சின்ன வேறுபாட்டை வரைபடம் காட்டாது. கண்மாய்க் கரைக்கு இது போதும். இரண்டு பங்காளிகளுக்கு நடுவே கிடக்கும் வரப்புக்குப் போதாது. திரையில் தெரியும் கோட்டை வைத்துக்கொண்டு எல்லைத் தகராறு பேசப் போகிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லைக்கு வருவாய்த் துறையின் புல வரைபடமும் சர்வேயரும்தான்.

ஏற்றும் முறை

முதலில் கருவியைப் பாருங்கள். எல்லாக் கருவியும் வெளி வரைபடத்தை ஏற்காது. கார்மின் ‘இ-ட்ரெக்ஸ்’ வரிசையில் விலை குறைந்த 10 என்ற மாடலில் அந்த வசதி இல்லை, கார்டு போடும் இடமும் இல்லை. 20, 30, பின்னால் வந்த 22எக்ஸ், 32எக்ஸ் ஆகியவற்றில் உண்டு. பழைய கருவி வாங்குகிறவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கோப்பு. ‘பிபிபைக்’ போன்ற இலவசச் சேவைகளில், உலக வரைபடத்தின் மேல் நமக்கு வேண்டிய பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, கார்மின் வடிவம் என்று தேர்ந்தெடுத்தால், கோப்பைத் தயாரித்துவிட்டு மின்னஞ்சலில் இணைப்பு அனுப்புவார்கள். மேற்கே அருப்புக்கோட்டை, கிழக்கே பார்த்திபனூர், தெற்கே அபிராமம், கமுதி என்று கட்டம் போட்டால் இந்தக் கண்மாய்நாடு முழுவதும் அடங்கிவிடும். கோப்பும் சின்னதாக இருக்கும். கணினியில் கைப்பழக்கம் உள்ளவர்கள் ‘ஜியோஃபேப்ரிக்’ தளத்தில் அன்றாடம் புதுப்பிக்கப்படும் தென்னிந்தியத் தரவை இறக்கி, எம்கேஜிமேப் நிரலைத் தாங்களே ஓட்டலாம். நேற்று வரைந்த ஊருணி இன்று கருவியில் தெரிய வேண்டுமென்றால் இதுதான் வழி.

இனி கார்டு. கருவியின் பின்மூடியைக் கழற்றி, இரண்டு பென்சில் பேட்டரிகளையும் எடுத்தால், அடியில் மைக்ரோ எஸ்டி கார்டுக்கான இடம் இருக்கும். கார்டு ‘ஃபேட்32’ முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. கார்டை ரீடரில் செருகி, ‘கார்மின்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ஐஎம்ஜி கோப்பை நகலெடுக்க வேண்டும். பழைய கருவிகள் ‘ஜிமேப்சப்’ என்ற ஒரே பெயரைத்தான் தேடும். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரண்டு ‘பி’ (p) வரும். ஒன்றை விட்டால் கருவி கோப்பைக் கண்டுகொள்ளாது. புதிய கருவிகளுக்குப் பெயர் எதுவானாலும் சரி, ஐஎம்ஜி என்று முடிந்தால் போதும். அதனால் ‘வீரசோழன்’, ‘மதுரை’ என்று தனித்தனியே பெயரிட்டுப் பல வரைபடங்களை ஒரே கார்டில் வைத்துக்கொள்ளலாம்.

கருவியோடு வந்த கோப்புகளை அழிக்காதீர்கள். உள்நினைவகத்தில் கைவைக்கும் முன் அங்குள்ள எல்லாவற்றையும் கணினியில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். புது வரைபடத்தைக் கார்டில் மட்டும் வைத்தால் இன்னும் நல்லது. ஏதாவது சிக்கல் என்றால் கார்டை உருவினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கருவியை மூடி, பேட்டரி போட்டு, இயக்கிய பின் செட்டப், மேப் என்று உள்ளே போனால் ஏற்றியிருக்கும் வரைபடங்களின் பட்டியல் வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்த வேண்டும். ஒரே இடத்துக்கு இரண்டு வரைபடம் இயங்கினால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். ‘ஏற்றியும் தெரியவில்லையே’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் கோளாறு.

தமிழ்ப் பெயரும் வற்றிய நீலமும்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குத் தமிழ்ப் பெயர் எழுதத் தனிக் கட்டமே உண்டு. ஆனால் பெரும்பாலான கையடக்கக் கருவிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. தமிழில் பெயரிட்ட வரைபடத்தை ஏற்றினால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளோ வெற்றிடமோ வரும். புதிய கருவிகளில் சில, யூனிகோடு முறையில் கட்டிய வெளி வரைபடத்தைத் திறக்கவே மறுக்கின்றன. தற்போதைக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வரும் வரைபடம்தான் கைகொடுக்கும். அதிலும் வீரசோழனையும் நரிக்குடியையும் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டியிருப்பார்கள். பெயரைத் தட்டித் தேடுவதைவிட வரைபடத்தை நகர்த்திப் பார்ப்பது வேகமான வழி. செல்போனுக்கு இந்தக் குறை இல்லை. ‘ஆஸ்மாண்ட்’ போன்ற செயலிகள் இதே தரவை இறக்கி வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் தமிழிலேயே காட்டும்.

அப்படியானால் தனிக் கருவி எதற்கு? சித்திரை வெயிலில் செல்போன் திரை கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கருவியின் திரையோ வெளிச்சம் விழ விழத் தெளியும். இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும். தீர்ந்தால் பெட்டிக்கடையில் வேறு வாங்கிப் போடலாம். மழையில் நனைந்தாலும் கவலையில்லை. காட்டில் நாள் கணக்கில் நடக்கிற வனத்துறையினரும் கணக்கெடுப்பாளரும் இன்னும் இதை விடாததற்குக் காரணம் இதுதான். டவுனுக்குள் சுற்றுகிறவருக்குச் செல்போனே போதும்.

இன்னொரு சங்கடம் இந்த ஊருக்கே உரியது. வரைபடத்தில் கண்மாய் எப்போதும் நீலமாகவே இருக்கும். பங்குனியில் அந்த நீலத்துக்குள் நிலம் வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும், சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். ஐரோப்பிய ஏரியை நினைத்து உருவாக்கிய நிறம் நம் கண்மாய்க்குச் சரிப்படாது. வரையும்போது ‘பருவ நீர்நிலை’ என்ற குறிப்பைச் சேர்த்துவிட்டால், ‘டிஒய்பி’ எனப்படும் நிறக் கோப்பு வழியாக அதை வேறு கோலத்தில், கோடு கோடாகக் காட்டச் செய்யலாம். அதேபோல் கரைமேல் போகும் வண்டித்தடத்தைச் சாலை என்று வரைந்துவிட்டால், கருவி காரைக் கொண்டுபோய் மடையில் நிறுத்தும். மண்பாதையை மண்பாதை என்றே குறிக்க வேண்டும்.

படத்தையே ஏற்றலாம்

வேறொரு வழியும் உண்டு. 2009 முதல் கார்மின் கருவிகள் பலவற்றில், சாதாரணப் படம் ஒன்றை வரைபடமாக ஏற்றும் வசதி இருக்கிறது. நூலகத்தில் கிடைத்த பழைய நிலஅளவைத் தாள், 1950களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1:2,50,000 அளவில் அச்சிட்டு இன்று டெக்சஸ் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும் தாள்கள், நீர்ப்பாசனச் சங்கத்தார் கையால் வரைந்த படம் என எதுவானாலும் ஸ்கேன் செய்து ஏற்றலாம்.

படத்தைக் கூகுள் எர்த்தில் திறந்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் பரப்பி, ஒளி ஊடுருவும்படி மங்கலாக்க வேண்டும். பிறகு இரண்டிலும் மாறாமல் இருக்கும் இடங்களைப் பொருத்த வேண்டும். கண்மாய்த் தண்ணீரின் விளிம்பை நம்பக் கூடாது, அது மாதத்துக்கு மாதம் நகரும். கலுங்கு, கோயில், பள்ளிவாசல், முச்சந்தி, கரை மடங்கும் முனை ஆகியவை நல்ல பிடிமானங்கள். ஒன்றைப் பொருத்தினால் மற்றொன்று விலகும். நாலு மூலையையும் இழுத்தும் திருப்பியும் எல்லாம் ஓரளவு உட்காரும் வரை பார்க்க வேண்டும். பிறகு ‘கேஎம்ஸெட்’ கோப்பாகச் சேமித்து, கருவியின் ‘கஸ்டம்மேப்ஸ்’ ஃபோல்டரில் போட்டால் ஆயிற்று.

வரம்பும் உண்டு. ஒரு படத்துண்டு 1024-க்கு 1024 புள்ளிகளைத் தாண்டினால் கருவி மங்கலாக்கிவிடும்; பெரும்பாலான கருவிகள் 100 துண்டுகள் வரைதான் ஏற்கும். ஒரு 1:50,000 தாள் பக்கத்துக்கு ஏறத்தாழ 27.5 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டுகிறது. ஒரு புள்ளிக்கு 5 மீட்டர் என்று வைத்தால் 36 துண்டுகள் வரும், தாராளமாக அடங்கும்.

பழைய தாளை, அதில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் நம்பிப் பொருத்துகிறவர்கள் ஏமாறுவார்கள். அக்காலத் தாள்கள் 1830ஆம் ஆண்டு நிலஅளவையாளர் எவரெஸ்ட் வகுத்த பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது ‘டபிள்யூஜிஎஸ் 84’ என்ற வேறு கணக்கு. இந்தப் பகுதியில் இரண்டுக்கும் இடையே 200 மீட்டர் அளவுக்கு வேறுபாடு வரும். கருவியை நம்பி நடந்தால் கலுங்கில் நிற்க வேண்டியவர் கண்மாய் உள்வாயில் நிற்பார். பொது வரிசைப் புதுத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் கணக்கிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

பழைய தாளை ஏற்றுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. மதுரையிலிருந்து வரும் கிருதுமால் நதியும் அதிலிருந்து பிரியும் கால்களும் இந்த வட்டாரக் கண்மாய்களுக்கு உயிர்நாடி. தாளில் கோடாக ஓடும் வரத்துக்கால், தரையில் பல இடங்களில் தூர்ந்தும் மறைந்தும் கிடக்கிறது. அந்தக் கோட்டைத் திரையில் வைத்துக்கொண்டு நடந்தால், கால் எங்கே அறுந்திருக்கிறது என்று அம்புக்குறியே காட்டிக் கொடுக்கும். நடந்த தடத்தைப் பதிவு செய்தால் மனுவோடு இணைக்க அதுவே ஒரு சான்று.

செய்ய வேண்டியது

இலவச வரைபடம் என்பது யாரோ உட்கார்ந்து வரைந்தது. ஒரு வட்டாரத்தில் வரைகிற ஆள் இருந்தால் அங்கே ஊருணி முதற்கொண்டு இருக்கும். இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும். நிறுவனங்கள் விளம்பரத்துக்கு ஆகும் நகரங்களை முதலில் வரையும். வீரசோழனின் வரத்துக்கால்களை அவை தேடி வரப்போவதில்லை.

ஆகவே வரைபடத்தை இறக்குவதோடு நிற்காதீர்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் உங்கள் ஊர்க் கண்மாயின் கரையை வரைந்து, கலுங்கையும் மடையையும் குறித்து, ஊரில் வழங்கும் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் சேருங்கள். பெயர் தெரியாவிட்டால் கிடை போடுகிற பெரியவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர்களிடம் பெயர் இருக்கும். ஜியோஃபேப்ரிக்கின் அடுத்த புதுப்பிப்பிலேயே அது தரவில் சேர்ந்துவிடும். அதன்பின் கருவியில் ஏற்றினால் திரையில் தெரிவது நீங்கள் வரைந்த கண்மாய்.